கைப்பிடி அரிசிக்கு ரசீது கிடையாது
பெற்றோர் கோரிக்கைச் சாசனம்

பெருமதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும், தலைமையாசிரியை அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஒரே காம்பவுண்டில் இருக்கும் மெட்ரிக் பிரிவிலும் உதவிபெறும் தமிழ்வழிப் பிரிவிலும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய் தகப்பன்மார், ஆச்சி தாத்தாமார் எல்லாரும் கூடி எழுதிக்கொள்வது. இதன் நகல் பள்ளி வாசலிலும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் ஒட்டப்படும். ஊரறியக் கேட்பதில் எங்களுக்குக் கூச்சமில்லை.

பள்ளி திறந்த வாரத்தில் மெட்ரிக் பிரிவுப் பிள்ளைகளின் டைரியில் ஒரு சர்க்குலர் ஒட்டி வந்தது. தலைப்பு, குடும்ப சேவைத் திட்டம். ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு 20 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். செய்ததற்குப் பச்சை அட்டையில் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். குறையும் ஒவ்வொரு மணிக்கும் 200 ரூபாய் கட்டிவிடலாம். அதிக மணி நேரம் சேவை செய்த குடும்பத்துக்கு ஆண்டு விழாவில் கேடயம் உண்டு.

குடும்பமாகச் சேவைக்குப் போவது நல்ல காரியம். அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. அப்பா யாருக்கோ சோறு பரிமாறுவதைப் பார்த்த பிள்ளைக்கு, நீதிபோதனை வகுப்பில் ஒரு வருஷம் சொன்னாலும் ஏறாத ஒன்று ஏறிவிடும். அதனால்தான் இந்தத் திட்டத்தைக் கிழித்துப் போடச் சொல்லாமல், மாற்றி எழுதச் சொல்லுகிறோம்.

அட்டை இல்லாத சேவை எங்களுக்குப் புதிதல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் மறந்தவர் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஏரலிலும் ஆத்தூரிலும் தாமிரபரணி தெருவுக்குள் வந்தது. கரண்டு போய், செல்போன் டவர் போய், அடுத்த தெருவில் இருக்கும் அக்காள் என்ன ஆனாள் என்று தெரியாமல் கிடந்தோம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுற்றி வெள்ளம் நிற்க, பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்த அரிசி பருப்பைக் கொண்டே உலை வைத்து, முன்பின் தெரியாத அந்த ஜனங்களுக்குச் சோறு போட்டார்கள்.

நம் பள்ளியின் மாடி வகுப்பறைகளும் அப்போது திறந்தன. சாவி கேட்க வழியில்லாமல் வாட்ச்மேன் அண்ணன் பூட்டை உடைத்தார். (அதற்காக நிர்வாகம் அவரைக் கண்டிக்காமல் பாராட்டியதை இங்கே நன்றியோடு பதிவு செய்கிறோம்.) சபைக் கோயிலில் இருந்து, அசன விருந்துக்குப் பொங்கும் அண்டாவை நாலு பேர் தூக்கி வந்தார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் வாப்பா, பிரெட் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். தமிழ்வழிப் பிரிவு அம்மாக்களும் மெட்ரிக் பிரிவு அம்மாக்களும் முதல்முறையாக ஒரே அருவாமனையை மாற்றி மாற்றி வைத்துக் காய் நறுக்கினார்கள். அந்த வாப்பாவுக்குப் பச்சை அட்டையில் எத்தனை மணி எழுதுவீர்கள்?

இந்த வட்டாரத்துச் சபைகளும் பள்ளிகளும் எழும்பிய கதை நிர்வாகத்துக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. உலையில் அரிசி போடும்முன் எங்கள் ஆச்சிமார் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். சேர்ந்ததும் அது கோயிலுக்குப் போகும். மூட்டை மூட்டையாக நெல் அவித்த வீட்டிலும் ஒரு பிடி. கடன் வாங்கிய அரிசியில் கஞ்சி வைத்த வீட்டிலும் ஒரு பிடி. போட முடியாத நாளில் கலயத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஏன் போடவில்லை என்று எந்த உபதேசியாரும் வந்து கேட்டதில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் அவரோடு இருந்தவர்களும் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் ஆட்கள், நம் காசு, நம் நிர்வாகம் என்று துணிந்து சொன்னார்கள். பிடி அரிசி கொடுத்துப் பழகிய அடுக்களைகள் பின்னால் இருந்த தைரியம் அது என்றே நாங்கள் நினைக்கிறோம். அந்தக் கலயத்தை அளவுகோலாக வைத்தே கீழே உள்ளவற்றைக் கேட்கிறோம்.

முதல் கோரிக்கை: மணிக்கணக்கையும் அபராதத்தையும் எடுத்துவிடுங்கள்.

எங்களில் யார் யார் இருக்கிறோம் என்று ஒருதரம் பாருங்கள். ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளத்துக்கு இருட்டோடு கிளம்பிப் போய், வெயில் ஏறுமுன் வாருபலகை பிடித்து உப்பு வாரிவிட்டு, காலில் உப்புத் தண்ணீர்ப் புண்ணோடு திரும்பும் அம்மாக்கள் இருக்கிறார்கள். ஆத்தூர்க் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்கள், வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர்கள், தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ்மார் இருக்கிறார்கள். அப்பா தம்மாமிலும் அம்மா படுக்கையிலும் கிடக்க, எழுபது வயது ஆச்சி ஒருத்தி ஸ்கூல் வேனுக்குப் பிள்ளையை ஏற்றிவிடும் வீடும் இருக்கிறது. சேவைக்கு நீங்கள் கூப்பிடும் சனிக்கிழமை காலை என்பது மாதச் சம்பளக்காரருக்கு ஓய்வு நேரம். தினக்கூலிக்காரருக்கு அது பாதி நாள் கூலி.

சர்க்குலரைப் படித்துக் காட்டியதும் அளத்து அக்கா ஒருவர் கேட்டது இது: "மணிக்கு இருநூறா? வெயில்ல நின்னு வாருனாலும் எனக்கு அம்புட்டு தரமாட்டாகளே, டீச்சரம்மா!" வசதியுள்ளவர் 4,000 ரூபாயைக் கட்டிவிட்டு வீட்டில் இருந்துகொள்வார். இல்லாதவர் கூலியை விட்டுவிட்டு வந்து பெஞ்சு துடைப்பார். காசு கொடுத்துக் கழித்துக்கொள்ள முடிகிற ஒன்றுக்கு எங்கள் ஊரில் வரி என்று பேர். இதில் சட்டமும் உண்டு. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, குழு நிர்ணயித்த தொகைக்கு மேல் எந்தப் பேரிலும் பள்ளி வாங்கக் கூடாது. "சேவை ஈட்டுத்தொகை" என்று ரசீதில் அச்சிட்டாலும் அது கட்டணம்தான். ஏற்கெனவே கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். கேடயத்தையும் நிறுத்துங்கள். எந்தக் குடும்பத்துக்கு நேரம் மிச்சம் என்பதைக் காட்டுவதற்கு ஒரு கேடயம் தேவையில்லை.

இரண்டாம் கோரிக்கை: சேவை காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நடக்கட்டும்.

சென்ற ஆண்டு சோதனையாக நடத்தியபோது எங்களுக்குக் கொடுத்த வேலைகள்: ஆண்டு விழா மேடைக்கு சீரியல் பல்பு கட்டுவது, பெஞ்சுக்குப் பெயின்ட் அடிப்பது, சிறப்பு விருந்தினர் வரும் வழியில் கோலம் போடுவது, பூந்தொட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவது. எல்லாம் பள்ளிக்கு வேண்டிய வேலைகள், சரிதான். ஆனால் எங்கள் நடுவில் ஒரு பெயின்டர் இருக்கிறார். பல வருஷமாக மே மாதத்தில் பெஞ்சுக்கும் ஜன்னலுக்கும் பெயின்ட் அடிக்கப் பள்ளி அவரைத்தான் கூப்பிடும். பத்து நாள் வேலை, கையில் காசு, ஜூன் மாத ஃபீஸுக்கு அதுதான் வழி. சென்ற வருஷம் அதே பெஞ்சுகளுக்கு அதே பிரஷ்ஷால் அவர் இலவசமாக அடித்தார், சேவை மணிக்காக. அவருடைய மகன் பக்கத்தில் நின்று டப்பா பிடித்தான். ஜூன் மாதம் அந்த மனுஷன் ஃபீஸுக்குத் தவணை கேட்டு ஆபீஸ் வாசலில் நின்றார். இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று நம்புகிறோம். ஆனால் நடந்தது இதுதான். பள்ளியின் வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் வையுங்கள். அந்த ஆள் பெரும்பாலும் எங்களில் ஒருவராகத்தான் இருப்பார்.

வெளியே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. 1876 முதல் 78 வரை அடித்த பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளை நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் சேர்த்துக்கொண்டு கைத்தொழில் பழக்கினார். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்ற ஒரு பையனுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கப் போய், அது பள்ளிக்கூடமாக வளர்ந்தது. அதே ஊரில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஸ்வெயின்சன் அம்மையார் ஒரு பள்ளி வைத்தார். யாரைக் கண்டு மற்றவர்கள் தாண்டிப் போனார்களோ, அவர் முன்னால் நின்றதில் தொடங்கியவை இவை.

இன்றைக்கு நம் ஊரில் அப்படித் தாண்டிப் போகப்படுகிறவர்களை நாங்களே சொல்லுகிறோம். பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாகக் கிடக்கும் கிழவர் கிழவிகள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். வீடியோ காலில் பேரனைக் காட்ட ஆள் வேண்டும். முக்கியமாக, ஒரே கதையைப் பத்தாவது தடவை கேட்க ஆள் வேண்டும், அதற்குப் பிள்ளைகளைவிடத் தோதானவர்கள் யார்? அரசு ஆஸ்பத்திரி ஓபியில் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் விழிப்பவர்களுக்கு வழிகாட்ட வேண்டும். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகத்தை வாசித்து செல்போனில் பதிவு செய்து கொடுக்கலாம். நைட் டியூட்டி நர்ஸும் உப்பளத்து அக்காவின் பிளஸ் டூ மகளும் அவரவர் வீட்டில் இருந்தபடி, தோதுப்பட்ட நேரத்தில் செய்யக்கூடியது அது. மழைக்கு முன்னால், எந்தத் தெருவில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாரிடம் படகு, யார் வீட்டு மாடி உயரம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். 2023இல் அந்த நோட்டு இல்லாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

தமிழ்வழிப் பிரிவுக் குடும்பங்களை இந்தத் திட்டத்தில் சேர்க்கவே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, "அவங்களுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாமேன்னுதான்" என்று பதில் வந்தது. நல்ல மனதோடு சொன்ன பதில்தான். இருந்தாலும் அதற்குள் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது: ஆங்கிலவழி கொடுக்கிற கை, தமிழ்வழி வாங்குகிற கை. சென்ற கிறிஸ்துமஸுக்கு மெட்ரிக் பிள்ளைகள் பழைய உடுப்புகளைக் கட்டி, எதிர் வராந்தாவில் இருந்த தமிழ்வழிப் பிள்ளைகளிடமே கொடுத்தார்கள். ஒரே மைதானத்தில் விளையாடுகிறவர்கள். மறுநாள் அந்தச் சட்டையை அந்தப் பிள்ளை எப்படிப் போட்டுக்கொண்டு வரும்? இரண்டு பிரிவும் ஒன்றாகப் போகட்டும். பிடி அரிசிக் கலயம் எல்லா வீட்டிலும் இருந்தது.

மூன்றாம் கோரிக்கை: கழிப்பறை.

சேவை என்ற பேரில் எந்தப் பிள்ளையையும், எந்தப் பெற்றோரையும் கழிப்பறை கழுவ விடக் கூடாது. எந்தப் பிள்ளைகளின் கையில் பிளீச்சிங் பவுடரும் விளக்குமாறும் போய்ச் சேருகிறது என்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். துப்புரவுப் பணிக்கு ஆள் வைத்து, கையுறையும் முறையான சம்பளமும் கொடுங்கள். இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

நான்காம் கோரிக்கை: வாங்குகிறவரைப் படம் எடுக்காதீர்கள்.

காப்பகத்துக்குப் போனோம், சென்ற நவம்பரில். பிரியாணி அண்டா வேனில் இருந்து இறங்கி முக்கால் மணி நேரம் மூடியே இருந்தது. முதலில் பேனர் கட்டினார்கள். பிறகு நம் பிள்ளைகள் ஒரு பக்கமும் காப்பகப் பிள்ளைகள் ஒரு பக்கமுமாக நிற்க வைத்துப் படம். பிறகு பொட்டலத்தை நீட்டுகிறவர் கேமராவைப் பார்க்க, வாங்குகிறவரும் கேமராவைப் பார்க்க வேண்டும் என்று இரண்டாவது தடவை. வரிசையில் இருந்த சின்னப் பையன் ஒருவன் போட்டோ அண்ணனிடம் கேட்டான், "அண்ணே, இப்போ திங்கலாமா?" அன்று வந்திருந்த எங்களில் பலர் அதற்குப் பிறகு காப்பகம் என்றாலே பிள்ளைகளை அனுப்புவதில்லை.

பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் சொல்லுகிறது. சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டியதா இது? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று போதிக்கும் பள்ளியில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குத் தெரிய வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பேனர் வேண்டாம், படம் வேண்டாம், நன்றிப் பாட்டு பாடச் சொல்ல வேண்டாம்.

அசனத்தைப் போலச் செய்யுங்கள். முந்தின ராத்திரி கோயில் வளாகத்தில் உட்கார்ந்து எல்லாரும் காய் நறுக்குகிறோம். மறுநாள் பந்தியில் யார் காணிக்கை கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று இலையைப் பார்த்தால் தெரியாது. காப்பகத்துப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்காரட்டும். முடிந்தால் அவர்களும் வெங்காயம் உரிக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்புதுக் காப்பகத்துக்குப் போவதைவிட, ஒரே இடத்துக்கு மாதாமாதம் போய் அந்தப் பிள்ளைகளின் பேரைத் தெரிந்துகொள்வது மேல்.

ஐந்தாம் கோரிக்கை: ஜெபம் உங்களுடையது, சேவை எல்லாருடையதும்.

இந்தச் சாசனத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் நிறையப் பேர். ஒழுக்கமும் படிப்பும் கிடைக்கும் என்று விரும்பித்தான் இந்தப் பள்ளியில் சேர்த்தோம். காலை ஜெபத்தில் எங்கள் பிள்ளைகள் கண்ணை மூடி நிற்பதில் எங்களுக்கு மனக்குறை கிடையாது. கிறிஸ்தவப் பள்ளி கிறிஸ்தவப் பள்ளியாக இருக்கட்டும். ஆனால் சேவைக்குப் போகும் இடத்தில் அரிசிப் பையோடு கைப்பிரதி கொடுக்க வேண்டாம். பசித்தவர் முன்னால் அது நிபந்தனை மாதிரி ஆகிவிடும். இதை முதலில் எழுதச் சொன்னவர் எங்களில் ஒரு சபை மூப்பர் என்பதையும் சொல்லிவிடுகிறோம். நோன்பு மாதத்தில் பகல் சாப்பாட்டு நிகழ்ச்சிக்கு முஸ்லிம் பிள்ளைகளைப் பரிமாற நிறுத்தும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். போன தடவை யாரும் கேட்கவில்லை.

ஆறாம் கோரிக்கை: அப்பாமார் வரட்டும்.

குடும்ப சேவை என்கிறீர்கள், வருவதெல்லாம் அம்மாக்கள். வீட்டில் சமைத்து, வேலைக்குப் போய் வந்து, சனிக்கிழமை பள்ளிக்கும் வந்து சமைக்கிறார்கள். அப்பாமார் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "முடிஞ்சதும் போன் போடு" என்று போய்விடுகிறார்கள். இதில் நிர்வாகத்தின் மேல் பழி போட ஒன்றுமில்லை, இது எங்கள் வீட்டுக் குறை. ஆனால் சர்க்குலரில் "தாய்மார்கள் காலை 8 மணிக்கு வரவும்" என்று நீங்கள் எழுதும்போது அந்தக் குறைக்கு முத்திரையும் விழுந்துவிடுகிறது. அசனத்துக்கு நூறு படி அரிசி பொங்குவது ஆண்கள்தானே? கரண்டி பிடிக்கத் தெரியாது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

மற்றவை சுருக்கமாக. ஆசிரியர்களும் குடும்பஸ்தர்கள்தான், அவர்களுடைய சனிக்கிழமையைப் பிடுங்கிச் சேவைக்கு மேற்பார்வை பார்க்க வைக்காதீர்கள். பிள்ளைகளை எந்த வீட்டுக்குள்ளும் தனியாக அனுப்பக் கூடாது, குறைந்தது இரண்டு பெரியவர்கள் கூட இருக்க வேண்டும். வெள்ள நேரத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. சேவைக்கென்று வசூலாகும் ஒவ்வொரு ரூபாயும் செலவும் மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். எங்கே போவது என்று முடிவெடுக்கும் குழுவில் இரண்டு பிரிவுப் பெற்றோரும் சரிபாதி இருக்க வேண்டும், அதில் ஒருவராவது தினக்கூலிக்காரராக இருக்க வேண்டும். அவர் வர முடிகிற நேரத்தில் கூட்டம் வையுங்கள், சாயங்காலம் ஏழு மணி என்றால் அவருக்குச் சௌகரியம்.

கேட்பது மட்டும் எங்கள் வேலை என்று இருக்க மாட்டோம். பள்ளி வாசலில் ஒரு மண் கலயம் வைக்கிறோம். ஒரு பிடி அரிசியும் போடலாம், என்னால் இன்ன கிழமை இன்னது முடியும் என்று எழுதிய துண்டுச் சீட்டும் போடலாம், ஒன்றும் போடாமலும் போகலாம். சீட்டில் பேர் வேண்டும், மணிக்கணக்கு வேண்டாம். பெயின்டர் அண்ணன் தெரு நோட்டுக்கு வரைபடம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பிரெட் சுமந்த வாப்பா தன் வண்டியைத் தருகிறார். வீட்டில் இருந்து வாசித்துப் பதிவு செய்ய இதுவரை பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் மூன்று பேர் அப்பாமார், ஒருவர் தம்மாமில் இருந்து.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைக்குள் நிர்வாகத்தின் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு வேப்பமரத்தடியில் கூடுகிறோம். தாளாளர் ஐயா வந்தால் நாற்காலி போட்டு வைப்போம். பேசி முடிந்ததும் காய் நறுக்கும் வேலை இருக்கும், மறுநாள் காப்பகத்துப் பிள்ளைகளோடு பந்தி. அருவாமனை நாலுதான் கிடைத்திருக்கிறது. வருகிறவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்று எடுத்து வாருங்கள்.